தஞ்சோங் பகாரில் மறைந்த ஒரு தெரு: ஒரு குடும்பத் தேடலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தக் குடும்பம் நான்கு தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1920களின் கடைசியில் வந்த தாத்தா, ஹார்பர் போர்டில் கப்பல் சரக்கு இறக்கும் வேலை பார்த்தார். தஞ்சோங் பகாரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், பலகைத் தடுப்புப் போட்ட ஓர் அறையில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்த வீட்டு வரிசையை அரசாங்கம் கையகப்படுத்தியது. குடும்பம் தெலுக் பிளாங்காவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு மாறியது. வரிசை இடிபட்டது, அதோடு தெருவும் போனது. இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயரே இல்லை.

குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அவர்களுடைய பெயர்களையும் தெருவின் பெயரையும் இங்கே தரவில்லை. சுற்றியுள்ள சாலைகளின் பெயர்கள் உள்ளபடியே இருக்கின்றன.

தேடலைத் தொடங்கியவர் தாத்தாவின் பேரன், ஓய்வுபெற்ற ஆசிரியர். தாத்தா நினைவாக ஒரு சிறு குடும்பப் புத்தகம் அச்சிட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவருடைய அத்தை, அதாவது தாத்தாவின் மூத்த மகள், 1937ல் அந்த வீட்டிலேயே பிறந்தவர். "அத்தை இருக்கும்போதே இடத்தைக் காட்டிடணும்" என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு நான் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். அதனால் என்னிடம் வந்தார்.

நான் முதலில் கேட்டது, இழப்பீடு ஏதாவது எதிர்பார்க்கிறீர்களா என்று. இதை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. 1966ல் நிறைவேறிய நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவர்களுக்குப் போனது; உள்வாடகைக்கு இருந்த ஓர் அறைக்காரருக்கு அதில் பங்கு கிடையாது. அவர் உடனே, "அதெல்லாம் வேண்டாங்க, இடம் தெரிஞ்சா போதும்" என்றார். நோக்கம் தெளிவாகிவிட்டது.

கையில் இருந்தவை

அத்தையின் பிறப்புச் சான்றின் நகல் ஒன்று இருந்தது. அதில் தெருவின் பெயரும் ஒரு கதவு எண்ணும் இருந்தன. 1948ல் அடையாள அட்டை முறை வந்த பிறகு தாத்தா எடுத்த அட்டையின் விவரம், பழைய நோட்டு ஒன்றில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதிலும் அதே தெருதான், ஆனால் கதவு எண் வேறு. ஊரிலிருந்து வந்த கடித உறைகள் சில கிடைத்தன. அவற்றில் இந்தத் தெருவே இல்லை. தஞ்சோங் பகார் ரோட்டில் இருந்த ஒரு மளிகைக் கடையின் முகவரி, "மேற்படி கடை வழியாக" என்ற குறிப்போடு.

இவை போக, குடும்பத்துக்குள் ஒரு தகராறும் இருந்தது. அத்தையின் கடைசித் தம்பி, பேரனுக்குச் சித்தப்பா, தெரு ஆன்சன் ரோட்டுப் பக்கம்தான் இருந்தது என்று உறுதியாகச் சொன்னார். "கப்பல் சங்கு ஊதினா வீட்டுக்குள்ள அதிரும். துறைமுகத்துக்குக் கிட்ட இல்லாம எப்படி?" என்பது அவர் வாதம். அவர் காட்டிய இடத்தில் குடும்பமே நின்று எடுத்த படம் ஒன்று புத்தகத்தில் சேர்க்கத் தயாராக இருந்தது. அத்தை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாராம். அவர் ஒத்துக்கொண்டார் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏன் தாத்தாவின் பெயர் எங்கும் இல்லை

பேரன் என்னிடம் வருவதற்கு முன்பே நூலகத்தில் தேடியிருந்தார். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் மாடியில் பழைய டைரக்டரிகளைப் புரட்டியிருக்கிறார், தாத்தா பெயரை எங்கும் காணவில்லை. மனம் உடைந்து போயிருந்தார். "எங்க தாத்தா இங்க வாழவே இல்லாத மாதிரி இருக்கு" என்றார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தஞ்சோங் பகார், சைனாடவுன், சிராங்கூன் எங்கும் ஏழைத் தமிழ்க் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஒரு கடைவீட்டுக்கு உரிமையாளர் ஒருவர். அவரிடமிருந்து முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்தவர் சீஃப் டெனண்ட். அவர் மாடியைத் தடுத்து அறை அறையாக விடுவார். 1947ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2001ல் நீக்கப்படும் வரை, இந்த அமைப்பை அப்படியே உறைய வைத்திருந்தது. சொத்து வரி ஏடு உரிமையாளரைத் தெரிந்து வைத்திருக்கும். கட்டடப் படம் உரிமையாளரையும் அதை வரைந்தவரையும் காட்டும். டைரக்டரியில் பெரும்பாலும் வியாபார நிறுவனங்களும் உத்தியோகஸ்தர்களும் இருப்பார்கள். அறைக்குள் எட்டுப் பேர் படுத்த குடும்பத்தை எந்த ஏடும் குறிக்கவில்லை. ஆகவே தாத்தா பெயரைப் பொதுப் பதிவேடுகளில் தேடுவதை நிறுத்தச் சொன்னேன். அங்கே தேட வேண்டியது நிலத்தை. ஆட்களை வீட்டுக்குள் இருக்கும் காகிதங்களிலும் மனிதர்களிடமும்தான் தேட வேண்டும்.

அத்தையிடம் வரைபடம் இல்லாமல் பேசியது

வரைபடத்தை அத்தையிடம் காட்டுவதற்கு முன்னால் அவரிடம் பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒருமுறை வரைபடத்தைப் பார்த்துவிட்டால் அதில் இருப்பதெல்லாம் நினைவில் இருப்பதுபோல் ஆகிவிடும், பிறகு எது எது என்று பிரிக்க முடியாது. சித்தப்பாவை அன்றைக்கு வர வேண்டாம் என்று பேரன் பக்குவமாகச் சொல்லிவிட்டார். அக்கா வாயைத் திறந்தால் தம்பி முடித்து வைப்பார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"தெரு எங்கே இருந்தது?" என்று கேட்கவில்லை. தீமிதி பார்க்க மாரியம்மன் கோயிலுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். சவுத் பிரிட்ஜ் ரோட்டுக் கோயில் 1827லிருந்து அதே இடத்தில் இருக்கிறது, அது நகரவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "படி இறங்கி வாசலுக்கு வந்து, சோத்துக் கைப்பக்கம் போகணும். மூலையில சீனன் காப்பிக் கடை. பெரிய ரோடு வந்துரும். அங்க பீச்சாங்கைப் பக்கம் திரும்பி நேரா நடக்கணும். ரெண்டு ரோடு சேர்ற எடத்துல மூலைக் கட்டடம் ஒண்ணு. அதத் தாண்டினா கோயில் கோபுரம் தெரிய ஆரம்பிச்சிரும்."

இந்த நான்கு வரியில் பாதி வேலை முடிந்துவிட்டது. பெரிய ரோடு தஞ்சோங் பகார் ரோடு. கோயில் அதற்கு வடக்கே. ரோட்டுக்கு வந்ததும் இடது பக்கம் திரும்பி வடக்கே போக வேண்டுமென்றால், தெரு ரோட்டுக்கு மேற்கே இருந்திருக்க வேண்டும். ஆன்சன் ரோடு இருப்பது கிழக்கே; அங்கிருந்து வந்தால் வலது பக்கம்தான் திரும்ப முடியும். இன்னொன்றும் கிடைத்தது. வாசலை விட்டு வலது கைப்பக்கம் போனால் கிழக்கே ரோடு வருகிறது என்றால், வீடு வடக்கு பார்த்த வீடு. தெருவின் தென் வரிசையில் இருந்தது. மூலைக் கட்டடம் என்று அவர் சொன்னது நீல் ரோடும் தஞ்சோங் பகார் ரோடும் சேரும் இடத்தில் இன்றும் நிற்கும் பழைய ஜின்ரிக்‌ஷா நிலையம்.

சங்குச் சத்தம் பற்றியும் கேட்டேன். "அது ராத்திரியில புக்கிட்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் கேக்கும் தம்பி" என்றார். புக்கிட் என்று அவர் சொன்னது பக்கத்து டக்ஸ்டன் மேட்டை. மேட்டு வீடுகளுக்கும் சத்தம் எட்டியது என்றால், சத்தத்தை வைத்துத் தூரத்தை அளக்க முடியாது. வீட்டின் பின்புறம் சந்து, அதில் இறங்கும் சுருள் இரும்புப் படி, தெருக்கோடியில் பிள்ளைகள் பந்து விளையாடிய காலி மனை என்று இன்னும் மூன்று விஷயங்களும் சொன்னார். அவற்றையும் அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டோம்.

நிலத்தைத் தேடியது

சிங்கப்பூர் நிலம் முழுவதும் 30 நகரப் பிரிவுகளாகவும், முக்கிம் எனப்படும் 34 புறநகர் நிலப் பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் மனைகளுக்கு எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. தெருவின் பெயர் போகலாம், கதவு எண் மாறலாம். மனை எண் அவ்வளவு சீக்கிரம் போகாது. கையகப்படுத்தும்போது அரசிதழில் வெளியிடும் அறிவிப்பிலும் மனை எண்களே இருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு மனை எண்ணைப் பிடிப்பது என்று முடிவெடுத்தோம்.

கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1884லிருந்து நகராட்சிக்குக் கொடுக்கப்பட்ட கட்டடப் படங்கள் இருக்கின்றன. தெருப் பெயரை வைத்துத் தேடியதில், தென் வரிசை வீடுகளின் பின்புறத்தை வெட்டிச் சந்து விடுவதற்காக வரைந்த படம் ஒன்று கிடைத்தது. 1907ல் சிம்சன் என்ற மருத்துவர் சிங்கப்பூரின் சுகாதாரம் பற்றிக் கொடுத்த அறிக்கையில், காற்றும் வெளிச்சமும் இல்லாத கடைவீடுகளுக்குப் பின்சந்து வேண்டும் என்று வலியுறுத்தினார். 1927ல் அமைந்த எஸ்ஐடி (சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற நகர மேம்பாட்டு அமைப்பு) அந்த வேலையையும் செய்தது. அத்தை இறங்கி விளையாடிய சந்து அப்படி வந்த சந்துதான். படத்தில் சுருள் படியும் வரையப்பட்டிருந்தது. மனை எண்களும் இருந்தன. அரசிதழ் அறிவிப்பில் உள்ள எண்களோடு வைத்துப் பார்த்தோம், பொருந்தின.

காலி மனைக்குச் சாட்சி வானத்திலிருந்து வந்தது. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த வான்படங்களும் ஆவணக் காப்பகத்தில் உண்டு. 1940களின் பிற்பகுதிப் படம் ஒன்றில், கூரை வரிசை முடியும் இடத்தில் வெளிறிய சதுரம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

கடித உறைகளில் இருந்த மளிகைக் கடைக்கு விடை தமிழ் முரசில் கிடைத்தது. 1935ல் தொடங்கிய அந்த நாளிதழின் பழைய பக்கங்களைப் பேரனும் அவருடைய தங்கை மகளும் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடையின் தீபாவளி விளம்பரம் ஒன்றில் முகவரி அப்படியே இருந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் பலர் பற்று வைத்திருந்த கடை அது. கடிதம் கடைக்கு வரும். சாமான் வாங்கப் போகிறவர் கொண்டுவருவார். தெலுக் பிளாங்காவுக்குக் குடிபோன பிறகும் சில கடிதங்கள் அந்தக் கடைக்கே வந்திருக்கின்றன. ஆகவே அந்த முகவரியை வீட்டு முகவரியாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொருத்திப் பார்த்தது

பழைய நில அளவைத் தாளை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த, அன்றும் இன்றும் அசையாமல் நிற்கும் மூன்று கட்டடங்கள் வேண்டியிருந்தன. ஜின்ரிக்‌ஷா நிலையத்தின் மூலை, கிரேக் ரோட்டில் பாதுகாக்கப்பட்ட கடைவீட்டு வரிசையின் முனை, 1932ல் திறந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் முகப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். சாலை விளிம்புகளை நம்பவில்லை. அகலப்படுத்தும்போது விளிம்பு நகரும், சந்திப்பின் நடுப்புள்ளியும் நகரும்.

தெருவின் கோடு, தஞ்சோங் பகார் ரோட்டுக்கும் கேண்டன்மென்ட் ரோட்டுக்கும் நடுவில், இன்றைய வீவக புளோக்குகளுக்கு இடையே உள்ள கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. தென் வரிசை வீடுகள் ஒரு புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியிலும் அதை ஒட்டிய நடைபாதையிலும் வந்தன. ஒரு கடைவீட்டின் அகலத்துக்குக் குறைவான பிசகுதான் இருக்கும் என்று கணித்தோம்.

இரண்டு கதவு எண்கள்

இங்கேதான் ஒரு கடினமான முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றில் ஓர் எண், அடையாள அட்டைக் குறிப்பில் இன்னோர் எண். இரண்டுக்கும் இடையே சில வீடுகள் தூரம். குடும்பம் போருக்குப் பிறகு அதே தெருவில் வேறு வீட்டுக்கு மாறியிருக்கலாம். அல்லது வீடு அதுவேதான், நகராட்சி எண்களை மாற்றியிருக்கலாம். "நாங்க வீடு மாறவே இல்லை" என்றார் அத்தை. ஜப்பான்காரன் காலத்தில் அவர் ஐந்து வயதுக் குழந்தை; கொஞ்ச நாள் வேறெங்காவது ஒண்டியிருந்து திரும்பியிருந்தாலும் அவருக்கு நினைவிருக்க வாய்ப்பு குறைவு.

பேரன் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்து அடையாளம் போட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். புத்தகம் அச்சுக்குப் போகும் நேரம். நான் மறுத்தேன். தெரு உறுதி, வரிசை உறுதி, கதவு உறுதியில்லை என்று அப்படியே எழுதுவோம் என்றேன். அச்சில் வந்துவிட்டால் அடுத்த தலைமுறை அதைத்தான் உண்மையென்று எடுத்துக்கொள்ளும். பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஆன்சன் ரோட்டுப் படத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சித்தப்பாவிடம் அக்கா சொன்ன வழியைப் பேரனே நடத்திக் காட்டினார். பாதி வழியிலேயே சித்தப்பா, "ஆமா, காப்பிக் கடை இந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டார்.

இடத்தைக் காட்டியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். கட்டடங்களைப் பார்த்து அவருக்கு எதுவும் பிடிபடவில்லை, பிடிபடவும் வழியில்லை. தரையின் ஏற்றத்தை மட்டும் கவனித்தார். நாற்காலியைத் தள்ளுகிறவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "தண்ணி வாளி தூக்கிட்டு வரும்போது இங்கதான் ஒரு எடத்துல இறக்கி வைப்பேன்" என்றார். இது நல்ல தகவல்தான். ஆனால் இடம் தெரிந்த பிறகு சொன்னது என்பதால், சான்றுப் பட்டியலில் இதைச் சேர்க்காமல் தனியாகக் குறித்து வைத்தோம். பேரனின் பிள்ளைகள் தாத்தாவைப் பற்றி அவரிடம் நேராகக் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான் என்று பிறகு சொன்னார்கள்.

மொய் நோட்டு

புத்தகம் அச்சான பிறகு சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டு வெளியே வந்தது. 1956ல் நடந்த அத்தை கல்யாணத்தின் மொய் நோட்டு. எழுதியவர் பொறுமைசாலி. யார் எத்தனை வெள்ளி என்பதோடு நிற்காமல், "நம்ம வீட்டு முன் ரூம்", "கீழ்க்கடை", "பக்கத்து வீட்டு மேல்மாடி" என்று இருக்கும் இடத்தையும் எழுதியிருந்தார். எந்த அலுவலகமும் எடுக்காத கணக்கெடுப்பை அவர் எடுத்து வைத்திருந்தார். அந்த வரிசையில் வாழ்ந்த தமிழர்கள் பெரும்பாலும் அந்த நோட்டில் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மேல்மாடிக்காரரின் வாரிசுகளைக் கோயில் தொண்டர்கள் மூலம் கண்டுபிடிக்க முடிந்தது. அவர்களிடம் சீஃப் டெனண்ட் கொடுத்த வாடகை ரசீதுகள் இருந்தன, போருக்கு முந்தியது ஒன்றும் 1950களில் கொடுத்தது ஒன்றும். அதே வீடு, அதே சீஃப் டெனண்ட், ஆனால் இரண்டிலும் கதவு எண் வேறு. நம் குடும்பத்தின் இரண்டு எண்களுக்கு இடையே இருந்த அதே வித்தியாசம். இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தள்ளி வீடு மாறியிருக்க முடியாது. எண்தான் மாறியிருக்கிறது. அத்தை சொன்னது சரி. கதவு உறுதியானது, புத்தகத்தில் ஒட்டுவதற்கு ஒரு திருத்தத் தாள் அச்சிட்டார்கள்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

வரிசையைத் தலைகீழாக்குவேன். இப்போது யார் வந்தாலும் முதலில் மொய் நோட்டு, வாடகை ரசீது, பற்றுக் கணக்கு, கடித உறை இருக்கிறதா என்று கேட்கிறேன். அதுவும் ஒரு வீட்டில் கேட்டால் போதாது. இளையவர் வீட்டுப் பெட்டிகளில்தான் இவை அதிகம் தங்கியிருக்கின்றன. அம்மா அப்பா கடைசிக் காலத்தில் இருந்த வீடு பெரும்பாலும் அதுதான். "பழைய காகிதம் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "கல்யாணத்துக்கு மொய் எழுதின நோட்டு?" என்று பொருளைச் சொல்லிக் கேட்டால் தேடிப் பார்ப்பார்கள்.

பெரியவர்களிடம் பேசுவதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அத்தை பேசியதைக் கையால்தான் எழுதினோம். அவர் கை காட்டிய திசை எல்லாம் எழுத்தில் வரவில்லை. கோயிலுக்கு, சந்தைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, குழாயடிக்கு என்று தனித்தனியாக நடக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு வழிகள் ஒரே வாசலில் வந்து சேர்ந்தால் நம்பிக்கை கூடும். இந்தத் தேடலில் எங்களிடம் ஒரு வழிதான் இருந்தது.

பக்கத்து வீட்டுக் குடும்பம் ரசீதுகளைக் காட்டியது, நகல் எடுக்க வேண்டாம் என்றது. அதில் வாடகை பாக்கி பற்றிய குறிப்பு இருந்தது. எண்களை மட்டும் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம். மொய் நோட்டிலும் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது இருக்கிறது. அதை மற்றக் குடும்பங்களுக்குக் காட்டும்போது தொகை இருக்கும் பத்தியை மறைத்துவிட்டுப் பெயரையும் இடத்தையும் மட்டும் காட்டுவது என்று பேரன் முடிவு செய்திருக்கிறார். அப்படிக் காட்டியதில் இதே வரிசையில் இருந்த இன்னொரு குடும்பம் தங்கள் வாசலைத் தேடித் தரச் சொல்லி வந்திருக்கிறது. அவர்களிடம் அடையாள அட்டை விவரம் இல்லை. 1950களில் எடுத்த ஒரு கல்யாணப் படம் இருக்கிறது. அதில் மணமக்களுக்குப் பின்னால் சுருள் படியின் கைப்பிடி தெரிகிறது. அங்கிருந்து தொடங்குகிறோம்.